கடலடிக் கம்பியும் தமிழ் எழுத்தும்

தைப்பூசக் காலத்தில் முருகப்பெருமானின் தேர் பினாங்கில் டத்தோ கிராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலை நோக்கிச் செல்லும். சாலையின் இருமருங்கிலும் தேங்காய் உடைக்கும் அன்பர்கள் திரண்டு நிற்பர். இந்நாளில் அவர்களுட் பலர் ஒரு கையில் தேங்காயும் மறு கையில் கைப்பேசியுமாக நிற்பதை, அச்சாலையருகே குடியிருக்கும் யான் ஆண்டுதோறும் காண்கின்றேன். தேரின் படத்தை எடுத்த மறுநொடியே அதனைத் திருச்சியிலும் காரைக்குடியிலும் உள்ள உறவினர் கண்டு கைகூப்புகின்றனர்.

"அப்படம் எவ்வழியே செல்கின்றது?" என்று எம் தோட்டப் பள்ளி மாணவரை ஒருநாள் வினவினேன். "வானத்தின் வழியே, ஐயா" என்று அனைவரும் ஒரே குரலில் விடை பகர்ந்தனர். அவ்விடை பெரும்பாலும் பிழைபட்டதே. கைப்பேசியிலிருந்து அருகிலுள்ள கோபுரம் வரையில்தான் வான்வழி. அதற்கு அப்பால் நாடு விட்டு நாடு செல்லும் செய்திகளிற் பெரும்பகுதி கடலின் அடியிற் கிடக்கும் கண்ணாடி இழைகளின் வழியாகவே செல்கின்றது.

அக்கடல்வழிக்குப் பினாங்கில் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. ஆயினும் அவ்வழியில் தமிழர் செய்தி ஏறியது ஒரு காலம். தமிழ் எழுத்து ஏறியது பிறிதொரு காலம். இவ்விரண்டிற்கும் இடையே நூறாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி கிடக்கின்றது. அவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது, யாரால் அடைக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையும் பினாங்கும்

1870–71ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்கிற்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. இதனைச் செய்தது பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் டெலிகிராப் கம்பெனி என்னும் நிறுவனம். அதற்கு முன்னர்ச் சோழமண்டலக் கரையிலிருந்து ஒரு செய்தி பினாங்கை அடைய வேண்டுமாயின், அது கப்பலேறித்தான் வருதல் வேண்டும். நாட்கள் பல ஆகும். கம்பி வந்தபின் அதே செய்தி சில மணி நேரத்தில் கரை சேர்ந்தது. இலண்டன் சந்தையில் ஈயத்தின் விலை என்ன என்பதைப் பினாங்கு வணிகர் கப்பலுக்குக் காத்திராமல் அறியலாயினர்.

அக்கம்பியின் அமைப்பில் நம் மண்ணின் பங்கும் உண்டு. செப்புக் கம்பியை அப்படியே கடலில் இட்டால் மின்னோட்டம் நீரிற் கசிந்துவிடும். அதனைத் தடுக்கும் மேலுறை ஒன்று வேண்டும். அவ்வுறையாகப் பயன்பட்டது மலாய் மக்கள் 'கெத்தா பெர்ச்சா' என வழங்கிய மரப்பால். சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்பார் 1843இல் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். இரப்பரைப் போல் வளையாது, கடல்நீரில் நெடுங்காலம் கெடாது கிடக்கும் அதன் இயல்பைக் கண்ட மேலைநாட்டார், உலகின் கடலடிக் கம்பிகளுக்கெல்லாம் அதனையே போர்த்தினர். அப்பாலை எடுப்பதற்காக மலாயாக் காடுகளில் மரங்கள் எண்ணிறந்தன வெட்டி வீழ்த்தப்பட்டன. இரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்னரே, இந்நாட்டு மரத்தின் பால் உலகத்தின் பேச்சைத் தாங்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழர் இப்புதுப்பொறிக்குத் 'தந்தி' என்று பெயரிட்டனர். யாழின் நரம்பையும் வீணையின் கம்பியையும் குறித்த சொல், தொலைவுச் செய்தியின் பெயராயிற்று. பெயர் தமிழ் வழக்கிற்கு வந்தது, எழுத்து வரவில்லை. தந்தியின் புள்ளியும் கோடும் உரோமன் எழுத்துகளுக்கென அமைந்தவை. தாய் இறந்த செய்தியாயினும், மகன் பிறந்த செய்தியாயினும், மலாயாத் தமிழர் அதனை ஆங்கிலத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதித் தரவேண்டியவராயினர். தோட்டத்துத் தொழிலாளிக்குத் தந்தி வந்தால், அதனைப் படித்துச் சொல்லக் கிராணியைத் தேடி ஓடவேண்டியிருந்தது.

அச்சுக்கலையில் நாம் இவ்வாறு பின்தங்கினோமல்லோம். 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறிற்று. இப்பினாங்கிலும் 1880களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ் இதழை நடத்தினார். ஒரே பட்டணத்தில், ஒரே காலத்தில், அச்சுக்கூடம் தமிழை ஏற்றது. தந்தி நிலையம் ஏற்கவில்லை. காரணம் வெளிப்படை. அச்செழுத்தை வார்ப்பவன் தமிழ் அறிந்தவனாயின் போதும். கம்பியின் குறியீட்டையோ, அதனை வகுத்த தொலைநாட்டார் தம் எழுத்துக்கு மட்டுமே வகுத்திருந்தனர். இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டாலன்றி, பின்வந்த இணைய வரலாறு விளங்காது.

இணையம் பிறந்த கதை

இணையத்தின் முதல் வித்து அமெரிக்காவில் ஊன்றப்பட்டது. 1969ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கணிப்பொறியிலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிலையக் கணிப்பொறிக்கு ஒரு சொல்லை அனுப்ப முயன்றனர். சொல் 'லாகின்' என்பது. அதன் முதல் இரண்டு எழுத்துகள் சென்றதும் பொறி நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே முழுச்சொல்லும் சென்றது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால் எழுந்த அவ்வலைக்கு 'அர்ப்பாநெட்' என்பது பெயர்.

இதன் அடிப்படைக் கருத்தை ஓர் உவமையால் விளக்கலாம். நூறு ஏடுகளைக் கொண்ட ஒரு சுவடியை மதுரைக்கு அனுப்புவதாகக் கொள்வோம். கட்டுக் குலையாமல் ஒரே வண்டியில் அனுப்பினால், அவ்வழி அடைபட்டபொழுது சுவடி முழுவதும் நின்றுவிடும். ஒவ்வோர் ஏட்டிலும் எண்ணையும் சேரவேண்டிய இடத்தையும் பொறித்து, கிடைத்த வண்டியில் கிடைத்த வழியில் அனுப்பினால், சில முன்னும் சில பின்னுமாக அவை மதுரையை அடையும்; அங்குள்ளார் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்திக் கட்டிக்கொள்வர். வராத ஏட்டை மட்டும் மறுபடியும் கேட்பர். செய்தியைப் பொட்டலங்களாகப் பிரித்தனுப்பும் இம்முறையை 1960களில் அமெரிக்கரான பால் பாரனும் பிரிட்டனைச் சேர்ந்த டொனால்டு டேவிசும் தனித்தனியே கண்டனர்.

1971இல் ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரியில் 'அட்' என்னும் குறியைப் புகுத்தினார். வெவ்வேறு வகையான வலைகள் தம்முட் பேசுதற்குரிய பொது இலக்கணத்தை விண்ட் செர்ப், பாப் கான் என்னும் இருவர் 1974இல் வகுத்துரைத்தனர். 1983 சனவரி முதல் நாள் அர்ப்பாநெட் அவ்விலக்கணத்திற்கு மாறியது. பல வலைகளின் வலையாகிய இணையம் அன்றே நிலைபெற்றது எனலாம். சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த வையவிரிவலை, 1993 ஏப்பிரலில் யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு உலகிற்கு வழங்கப்பட்டது. அதன்பின்னரே இணையம் ஆய்வாளரின் அறையை விட்டு வீதிக்கு வந்தது.

நம் நாட்டில் வலை விரிந்தமை

மலேசியாவில் 1985ஆம் ஆண்டு தோன்றிய மைமோஸ் என்னும் நுண்மின்னணு ஆய்வு நிறுவனமே இத்துறையில் முன்னோடி. 1980களின் பிற்பகுதியில் அது பல்கலைக்கழகங்களை இணைத்து 'ராங்கோம்' என்னும் வலையை அமைத்தது. 1990களின் தொடக்கத்தில் அதுவே 'ஜாரிங்' என வளர்ந்தது. ஜாரிங் என்பது ஆங்கிலப் பெயரொன்றின் சுருக்கம். ஆயினும் மலாய் மொழியில் அச்சொல்லுக்கு வலை என்பதே பொருள். 1996இல் டெலிக்கோம் மலேசியாவின் டிஎம்நெட் வந்தபின் இணையம் இல்லங்களிலும் புகலாயிற்று. ஜாரிங் இன்று இல்லை. அது இட்ட வித்து நாடெங்கும் பரந்துள்ளது.

பினாங்கிற்கு இதில் இரு சிறப்புகள் உண்டு. ஒன்று, 1972இல் இன்டெல் நிறுவனம் பாயான் லெப்பாசில் தன் ஆலையைத் திறந்தமை. கணிப்பொறியின் மூளையாகிய சில்லுகளைப் பொருத்திய கைகளுள் நம் தமிழ்ப் பெண்களின் கைகளும் இருந்தன. மற்றொன்று, பழைய தந்திக் கம்பி கரையேறிய இத்தீவிலேயே புதிய கண்ணாடி இழைக் கம்பிகளும் கரையேறியமை. பிரிட்டனையும் சப்பானையும் இணைக்கும் பிளாக் என்னும் கம்பி 1997இல் பினாங்கைத் தொட்டது. 2010களில் இடப்பட்ட 'பே ஆப் பெங்கால் கேட்வே' என்னும் கம்பி மீண்டும் சென்னையையும் பினாங்கையும் நேரே இணைத்தது. 1870இல் தொடங்கிய வழி இன்று ஒளிவழியாக நிலவுகின்றது.

எழுத்துக்கு இடமில்லை

வலை வந்தது, ஆனால் தமிழ் எழுத்துக்கு அதில் இடம் இல்லை. கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆதலின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். 1960களில் அமெரிக்கர் வகுத்த 'ஆஸ்கி' என்னும் அட்டவணையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், நிறுத்தற்குறி, பொறிக்குரிய கட்டளை ஆகியவற்றிற்கே அவை நிறைந்துவிட்டன. தந்திக்கு நேர்ந்தது கணிப்பொறிக்கும் நேர்ந்தது.

ஆகவே 1990களில் மின்னஞ்சல் எழுதிய தமிழர் பலரும் தமிழை உரோமன் எழுத்திலேயே எழுதினர். யானும் அவர்களுள் ஒருவன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உடன்பயின்ற நண்பர்களுக்குப் பல ஆண்டுகள் அவ்வாறே மடல் வரைந்தேன். பகலில் மாணவர்க்கு லகர ளகர ழகர வேறுபாட்டைக் கற்பித்துவிட்டு, இரவில் அம்மூன்றையும் ஒரே ஆங்கில எழுத்தால் எழுதியதை நினைக்குங்கால் இன்றும் நாணுகின்றேன். வலி என்று எழுதினேனோ, வழி என்று எழுதினேனோ, வளி என்று எழுதினேனோ, படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இக்குறையை நீக்க முன்வந்தோருட் பெரும்பாலோர் தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்த தமிழர் என்பது குறிப்பிடத்தக்கது. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்த இரா. முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து, மலாயா–சிங்கப்பூர்ப் பகுதியிற் பணிபுரிந்தவர். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்கிய அவர் அறிவுத்திறனே, பின்வந்த கணினித் தமிழுக்கு வழிகாட்டியாயிற்று.

கணினிக் காலத்தில் மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கினார். அதுவே பின்னர் 'முரசு அஞ்சல்' எனப் புகழ்பெற்றது. கனடாவில் சீனிவாசன் என்பார் 'ஆதமி' என்னும் செயலியை அமைத்தார். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக விளங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1990களின் தொடக்கத்தில் 'மயிலை' என்னும் எழுத்துருவை இலவசமாக வழங்கினார். அவரே 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சங்க இலக்கியம் முதலான நூல்களைத் தன்னார்வலர் உதவியால் இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர்.

சிங்கப்பூரின் கவிதை வலை

தமிழ் இணையத்தில் ஏறிய வரலாற்றில் 1995 அக்டோபர் 27 ஒரு பொன்னாள். அன்று சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய ஒரு வலைத்தளத்தைக் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். சிங்கப்பூரில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள். எனவே நான்கு மொழிக் கவிதையும் அவ்வவற்றின் எழுத்தில் தோன்றுதல் முறையாயிற்று. மலாயும் ஆங்கிலமும் உரோமன் எழுத்துடையன. சீனத்திற்கு முன்னரே வழி இருந்தது. தமிழ் ஒன்றே இடர்ப்பட்டது.

அவ்விடரை நீக்கியவர் நா. கோவிந்தசாமி. அவர் பொறியியல் வல்லுநர் அல்லர், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் தின் வீ முதலியோரின் துணையோடு அவர் தமிழெழுத்தை வலையில் ஏற்றினார். 'கணியன்' என்பது அவர் அமைத்த தமிழ் முறையின் பெயர். 'இணையம்' என்னும் சொல்லை வழக்கிற் கொணர்ந்த பெருமையும் அவருக்கே உரியது என்பர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டிய அவர், 1999ஆம் ஆண்டு தம் ஐம்பத்து மூன்றாம் அகவையில் மறைந்தார். ஆட்சிமொழி என்னும் உரிமை ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது, பொறியிலும் இருத்தல் வேண்டும் என்பதை ஒரு தமிழாசிரியர் காட்டிய நிகழ்ச்சி இது.

குறியீட்டுக் குழப்பமும் ஒருமையும்

எழுத்து ஏறியது, அடுத்துக் குழப்பம் எழுந்தது. ஒவ்வொருவரும் தாம் விரும்பிய எண்ணைத் தாம் விரும்பிய எழுத்துக்குத் தந்திருந்தனர். முரசில் எழுதியதை மயிலையில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. ஓர் ஊரின் நாணயம் அடுத்த ஊரிற் செல்லாத நிலை அது.

இதனை ஒழுங்குபடுத்த 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாம் மாநாடு கூடியது. குறியீட்டிற்கும் விசைப்பலகைக்கும் பொதுமுறைகள் அங்கு ஆராயப்பட்டன. உயிரெழுத்துகளை இடக்கையிலும் மெய்யெழுத்துகளை வலக்கையிலும் அமைத்த 'தமிழ்99' விசைப்பலகை அதன் பயனே. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல்தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நிகழ்ந்தது. தனிநாயகம் அடிகளார் முயற்சியால் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய அதே நகரில், முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் தமிழெழுத்தின் எண் பற்றி அறிஞர் ஆராய்ந்தனர்.

இறுதியில் ஒருமை தந்தது உலகப் பொதுவான 'யூனிகோடு' முறையே. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அகரத்திற்கு 2949, ககரத்திற்கு 2965 என உலகின் எல்லாக் கணிப்பொறிகளும் ஒப்புக்கொண்ட எண்கள் அதில் உண்டு. 'கி' என்னும் உயிர்மெய், 2965 என்னும் ககரமும் 3007 என்னும் இகரக் குறியும் சேர்ந்த சேர்க்கையாக அமைகின்றது. எல்லா எழுத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று வாதிட்ட அறிஞரும் உளர். அவர்தம் கருத்தும் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் எங்கும் செல்லும் நாணயமாக யூனிகோடே நிலைத்தது. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்றது. அக்காலத்திலேயே இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்னும் பெயர்கள் வலைமுகவரியின் ஈற்றில் தமிழெழுத்தாலேயே வரும் உரிமையையும் பெற்றன.

எஞ்சிய கடமை

இத்துணை உழைப்பிற்குப் பின்னும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் தமிழை எவ்வெழுத்தில் எழுதுகின்றனர்? 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது இதற்கு விடை கண்டேன். ஐந்தாம் ஆண்டு மாணவரை 'என் வீட்டுத் தோட்டம்' என்னும் தலைப்பில் ஐந்து வரி எழுதிக் கைப்பேசி வழி அனுப்பப் பணித்தேன். இணைப்பே இல்லாத வீடுகளுக்கு, அனுமதி கிடைத்தபின், தாளைக் கொண்டு சென்று கொடுத்தோம். இணைப்புள்ள வீடுகளிலிருந்து வந்தவற்றுட் பெரும்பான்மை உரோமன் எழுத்திலேயே இருந்தன. பெற்றோர் எனக்கு எழுதிய செய்திகளும் அவ்வாறே. யான் கண்ட வியப்பு வேறொன்று. தாளைப் பெற்ற பிள்ளைகளே தமிழை முழுமையாகத் தமிழெழுத்தில் எழுதியிருந்தனர்.

இதற்குப் பிள்ளைகளைக் குறை கூறுதல் நேரிதன்று. வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. பழைய குறுஞ்செய்தியில் உரோமன் எழுத்தாயின் 160 இடம். தமிழாயின் 70 இடமே. அதிலும் உயிர்மெய்க் குறிகள் தனி இடம் கொள்ளும். செலவைக் கருதிய பெற்றோர் உரோமன் எழுத்தைக் கைக்கொண்டனர். 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று முத்து நெடுமாறனின் 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழெழுத்திற்கு வழி திறந்தது. இன்று எழுத்தளவைக் கணக்கிட்டுக் காசு கொடுக்கும் நிலை பெரிதும் மாறிவிட்டது. எல்லாக் கைப்பேசிகளிலும் தமிழ் விசைப்பலகை உறங்கிக் கிடக்கின்றது. தடை நீங்கிவிட்டது, தடைக்காலத்தில் ஏற்பட்ட பழக்கமோ நீங்கவில்லை.

பழக்கத்தைப் பழக்கத்தாலன்றி வேறொன்றால் மாற்ற இயலாது. எம் பள்ளியில் இப்பொழுது நான்காம் ஆண்டு முதல் வாரம் ஒரு பாடவேளை கைப்பேசித் தமிழுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. பிள்ளைகள் தம் தாத்தா பாட்டிக்கு ஒரு வரியேனும் தமிழெழுத்தில் அனுப்புதல் வேண்டும். முதல் வாரம் ஒரு வரிக்குப் பதினைந்து மணித்துளிகள் ஆயின. ஐந்தாம் வாரம் இரண்டு மணித்துளிகளே ஆயின. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர், பேரனின் செய்தியைத் தாமே படித்தேன் என்று பள்ளிக்கு வந்து சொன்னார். அதுவரை அவருக்கு வந்த செய்திகளையெல்லாம் பிறரே படித்துச் சொல்லி வந்தனராம். கிராணியைத் தேடி ஓடிய அந்நாளைய தொழிலாளியை எண்ணிக்கொண்டேன்.

கம்பி இட்டவர் பிறர். அதில் எழுத்தை ஏற்றியவர் நம்மவர். அவ்வெழுத்தை நாள்தோறும் வழங்குதல் நம் வீட்டார் கையில் உள்ளது. கரும்பலகையில் 2949 என்று எழுதி, "இஃது என்ன?" என்று கேட்டால், எம் மாணவர் இன்று "அகரம், ஐயா" என்று கூறுகின்றனர்.